பஸ்ஸ எடுத்துக்கிட்டாங்க, குரூப் நின்னுச்சு: பொள்ளாச்சி நா.மகாலிங்கம் ஒரு கேஸ் ஸ்டடி

1972ல கோயம்புத்தூர்ல சேரன் போக்குவரத்துக் கழகம்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. இதுக்குன்னு புது பஸ் வாங்கி, புது ரூட் போட்டு, ஆள் எடுத்து ஆரம்பிச்ச கம்பெனி இல்ல இது. அதுக்கு முன்னாடி ஏ.பி.டி.னு ஊருக்கே தெரிஞ்ச ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் ஓட்டிட்டு இருந்த பஸ்ஸு, டிப்போ, டிரைவர், கண்டக்டர் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்து, அதுக்கு மேல கட்டின கழகம். 1931லேர்ந்து ஒரு குடும்பத்தோட அடையாளமா இருந்த தொழில் ஒரு சட்டத்துல கைமாறிப் போச்சு. சாதாரணமா இந்த இடத்துல ஒரு தொழில் குடும்பத்தோட கதை முடிஞ்சிரும், மிச்சத்த பேரனுங்க கல்யாண வீட்டுல சொல்லிட்டு இருப்பாங்க. ஆனா அந்தக் குடும்பத்தோட சக்தி குரூப் அப்படி முடியல, அதோட தலைவர் நா.மகாலிங்கம் அதுக்கப்புறம் இன்னும் 42 வருஷம் கொங்கு நாட்டுல பெரிய மனுஷனாவே இருந்தாரு. ஏன் முடியல, அதுதான் இந்தக் கேஸ்.

அவரப் பத்தி வர்ற கட்டுரை பெரும்பாலும் ரெண்டே வகைதான். ஒன்னு, அருட்செல்வர், வள்ளலார் பக்தர், பள்ளி கல்லூரி கட்டினவர்னு மாலை போடுற வகை. இன்னொன்னு, பஸ் முதலாளி, காங்கிரஸ் பண்ணையார், அரசியல வச்சு வளந்தவர்னு ஒரே வரில தள்ளிவிடுற வகை. ரெண்டுமே சோம்பேறித்தனம்னுதான் சொல்லுவேன். அவரோட வாழ்க்கைய எம்எல்ஏ தனி, முதலாளி தனி, ஆன்மிகவாதி தனின்னு துண்டு போட்டுப் பாத்தா ஒன்னும் புரியாது. எந்த வருஷத்துல எது நடந்துச்சுன்னு வரிசையா வச்சுப் பாத்தாதான் விஷயம் தெரியும்.

மொதல்ல அப்பா. பி.நாச்சிமுத்து கவுண்டர் 1921 வாக்குல பொள்ளாச்சில மாட்டு வண்டி வாடகைக்கு விட்டு ஆரம்பிச்சவர்னு அந்த குரூப்போட வரலாறு சொல்லுது. பொள்ளாச்சி சந்தை ஊரு, மேல வால்பாறை பக்கம் தேயிலை எஸ்டேட்டு, அந்தப் பக்கம் பாலக்காடு கணவாய், இந்தப் பக்கம் பழனி, உடுமலை, சரக்கும் ஆளும் எப்பவும் நகந்துக்கிட்டே இருக்கற எடம். பத்து வருஷத்துல வண்டிலேர்ந்து பஸ்ஸுக்கு மாறிட்டாரு. அப்புறம் வந்த 1939 மோட்டார் வாகனச் சட்டத்த புரிஞ்சுக்காம இந்தக் கதைய படிக்க முடியாது. பஸ் வச்சிருக்கறது பெருசில்ல, பெர்மிட் வச்சிருக்கறதுதான் பெருசு. எந்த ரூட்டு, எத்தன ட்ரிப், என்ன டைமிங், டிக்கெட் எவ்வளவு, எல்லாம் அதிகாரி கைல. அதனால பஸ் முதலாளின்னா மெக்கானிக் வேலையும் தெரிஞ்சிருக்கணும், கலெக்டர் ஆபீஸ் வராந்தாவும் தெரிஞ்சிருக்கணும். யுத்த காலத்துல பெட்ரோலுக்கு ரேஷன் வந்து பஸ்ஸெல்லாம் பின்னாடி கரி அடுப்பு மாட்டிக்கிட்டு ஓடுன காலத்தையும் தாண்டி நின்னவங்கதான் பெரிய ஃப்ளீட் ஆபரேட்டர், அதாவது நிறைய பஸ் வச்சு ஓட்டறவங்க ஆனாங்க, மதுரைல டிவிஎஸ், கோவைல ஜி.டி.நாயுடு, பொள்ளாச்சில ஏ.பி.டி.

மகாலிங்கம் பொறந்தது 1923 மார்ச் 21. கிண்டி எஞ்சினியரிங் காலேஜ்ல படிச்சவரு. அப்பா கம்பெனிக்குள்ள வந்து உக்காந்தவரு, 1952ல மொத பொதுத்தேர்தல்ல பொள்ளாச்சி தொகுதில காங்கிரஸ் சார்பா நின்னு ஜெயிச்சாரு, 29 வயசு கூட முழுசா முடியல அப்ப. 1957, 1962 ரெண்டுலயும் திரும்ப ஜெயிச்சு மொத்தம் 15 வருஷம் எம்எல்ஏ. ராஜாஜி, காமராஜர், பக்தவத்சலம்னு மூணு முதலமைச்சர்கள பாத்தவரு, ஆனா ஒரு தடவ கூட மந்திரி ஆகல. இத நிறைய பேர் குறையா சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல. மந்திரி ஆனா கம்பெனிய விடணும், சென்னைலயே கெடக்கணும். எம்எல்ஏவா இருந்தா தொகுதிலயும் இருக்கலாம், தொழிலும் பாக்கலாம், கோட்டைல யார்கிட்ட என்ன பேசணுமோ அதையும் பேசலாம். அவருக்கு வேண்டியிருந்தது கடைசி ரெண்டும்தான்.

அந்த 15 வருஷத்துல பெரிய வேலைன்னா பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், பிஏபி. இத கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா அவர புகழ்றவங்களும் திட்றவங்களும் ரெண்டு பேருமே இங்கதான் தப்பு பண்றாங்க.

ஆனைமலைல பெய்யற மழை பெரும்பாலும் மேக்க ஓடி அரபிக்கடலுக்குப் போற தண்ணி. கெழக்க இருக்கற பல்லடம், காங்கேயம், சூலூர், வெள்ளகோவில் எல்லாம் மழை மறைவுப் பிரதேசம், கெணத்த நம்பி இருக்கற கரிசலும் செம்மண்ணும். மலைக்குள்ளயே ஆறுகள அணை போட்டு நிறுத்தி, ஒன்னுக்கொன்னு குகை வெட்டி சேத்து, கெழக்க திருப்பிவிட்டா என்னங்கறதுதான் யோசனை. நீரார், சோலையார், பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, பாலாறுன்னு வரிசையா கோத்து, சர்க்கார்பதில கரண்டு எடுத்துட்டு, சுமார் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாய் வழியா மலையடிவாரத்தச் சுத்திக்கிட்டு திருமூர்த்தி அணைக்கு கொண்டாந்து சேக்கறாங்க. இதெல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, யானைக்காட்டுக்குள்ள சங்கிலி புடிச்சு அளந்து போட்ட லைன்.

எஞ்சினியரிங்க விட கஷ்டம் அரசியல். 1956 நவம்பர்ல மொழிவாரி மாநிலம் பிரிஞ்சப்ப பரம்பிக்குளம் இருந்தது கேரளா பக்கம். தண்ணி வேணும்னா அங்க அணை கட்டணும், அணை அவங்க மண்ணுல, ஓட்டறது நம்ம ஆளுங்க. இப்படி ஒரு டீலுக்கு ரெண்டு மாநிலமும் ஒத்துக்கணும். பேச்சுவார்த்தை ஓடி 1958ல ஒரு புரிதலுக்கு வந்து வேலை ஆரம்பிச்சு, 1961ல நேரு வந்து போனதெல்லாம் முடிஞ்சு, கையெழுத்து ஒப்பந்தம்னு ஒன்னு ஆனது 1970 மே 29லதான், அதையும் 1958 நவம்பர் 9லேர்ந்தே செல்லும்னு பின்தேதி போட்டு எழுதிக்கிட்டாங்க. அதாவது அணையும் குகையும் பாதிக்கு மேல கட்டின பிறகு பத்திரம் எழுதினாங்க. இன்னைக்கு நினைச்சுப் பாக்க முடியுமா? ரெண்டு பக்கமும் பேசறவங்களுக்கு நடுவுல ஒரு நம்பிக்கை இருந்தாதான் இது நடக்கும்.

இதுல மகாலிங்கத்தோட பங்கு என்ன? தனியா அவர் கொண்டாந்தாருன்னு சொன்னா அது பொய். செங்குட்டைபாளையத்துக்காரரான சி.சுப்பிரமணியம் அப்ப மாநில நிதியமைச்சர், டெல்லில பேசி காசு வாங்கற பலம் அவருது. காட்டுக்குள்ள நடந்து நடந்து இந்த யோசனைய விடாம பிடிச்சிருந்தவருன்னு விவசாயிங்க இன்னைக்கும் சொல்ற பேரு வி.கே.பழனிசாமி கவுண்டர். மேல முடிவெடுத்தது காமராஜர். மகாலிங்கம் இந்த கூட்டத்துல எஞ்சினியரிங் படிச்ச, தொகுதி எம்எல்ஏவான, வண்டி வாகனத்தோட ஆள் அம்பு இருந்த ஆளு, சட்டசபைல விடாம கேட்டவரு, ஊருல ஆளுங்கள ஒன்னு சேத்தவரு. மந்திரி ஒருத்தர் கையெழுத்துப் போடுவாரு, ஆனா அந்தக் கையெழுத்து வர்ற வரைக்கும் ஃபைலத் தள்ளிக்கிட்டே இருக்க உள்ளூர்ல ஒருத்தர் வேணும். அந்த வேலை இவரோடது.

இப்ப திட்றவங்க பாயிண்டுக்கு வரலாம். "சர்க்கரை ஆலை வச்சிருந்தவரு, கரும்புக்கு தண்ணி வேணும்னு அணை கட்ட வச்சாரு"ன்னு ஒரு பேச்சு இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேப்ப எடுத்துப் பாருங்க. சக்தி சுகர்ஸ் 1961ல பதிவாச்சு, மில்லு வந்தது பவானி பக்கம் ஆப்பக்கூடல்ல. அது பவானி ஆத்துப் பாசனம், பிஏபிக்கும் அதுக்கும் ஒரு வாய்க்கால் சம்பந்தம் கூட கெடையாது. அது மட்டுமில்ல, பிஏபி தண்ணியே கரும்புக்கான தண்ணி இல்ல. அந்த ஆயக்கட்ட, அதாவது பாசன நிலத்த, மண்டலமா பிரிச்சு மொறை வச்சுத்தான் விடுவாங்க, இன்னைக்கு கணக்குல திருமூர்த்தி அணைய நம்பி 3.77 லட்சம் ஏக்கர், நாலு மண்டலம், ஒரு மண்டலத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் முறை வரும். வருஷம் பூரா காலு நனைஞ்சு நிக்கணும்னு கேக்கற கரும்ப இத வச்சு போட முடியாது, மக்காச்சோளம், கடலை, பருத்தி மாதிரி ஐட்டம்தான். தென்னை இப்ப இவ்வளவு இருக்குன்னா அது கெணறு, போர் எல்லாம் சேந்து. அதனால அந்தக் குற்றச்சாட்டு நிக்காது.

நிக்கற குற்றச்சாட்டு வேற. பாசனம்னா நிலம் இருக்கறவனுக்குத்தான் மொத லாபம், அதுல பெரிய பங்கு நிலம் வச்சிருந்த வெள்ளாளக் கவுண்டர் குடும்பங்களுக்குப் போச்சு, கூலிக்குப் போன தலித் ஜனங்களுக்கு வேலைநாள் கூடுச்சே தவிர நிலம் வரல. பரம்பிக்குளம் காட்டுல இருந்த காடர், மலசர் ஜனங்கள யாரும் பேச்சுவார்த்தை மேஜைக்குக் கூப்பிடல. இது மகாலிங்கம் ஒருத்தர் மேல போடற பழி இல்ல, அந்தக் காலத்து அணை எல்லாத்துக்கும் இதேதான். ஆனா புகழ்ற கட்டுரைங்கள்ல இந்த வரி வரவே வராது, அதனால சொல்றேன்.

கேரளா பக்கமும் ஒரு கதை இருக்கு. ஒப்பந்தப்படி சித்தூர் புழைக்கு வருஷம் 7.25 டிஎம்சி, கேரள சோலையாருக்கு 12.3 டிஎம்சி நாம விடணும். 30 வருஷத்துக்கு ஒரு தடவ மறுபரிசீலனைன்னு எழுதியிருக்கு, அதுவும் இழுத்துக்கிட்டே போகுது. பரம்பிக்குளம் கேரளாவுல இருக்கு, ஆனா அங்க ரோட்ல போகணும்னா கேரளாக்காரரே பொள்ளாச்சி, சேத்துமடை சுத்தித்தான் போகணும். 2022 செப்டம்பர்ல அணையோட ஒரு ஷட்டர் பிச்சுக்கிட்டு தண்ணி கேரளா பக்கம் போனப்ப, அணை யாருது மண்ணு யாருதுன்னு தெரியாத நிறைய பேருக்கு அன்னைக்குத்தான் விஷயமே தெரிஞ்சுச்சு.

சரி, தொழிலுக்கு வருவோம். இங்கதான் மொத கேள்விக்கு பதில் இருக்கு.

1955ல தி பொள்ளாச்சி கிரெடிட் சொசைட்டின்னு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவாகுது. பேரப் பாத்தா ஏதோ கூட்டுறவு சங்கம் மாதிரி இருக்கும். இதுதான் பின்னாடி 1967ல சக்தி ஃபைனான்ஸ்னு பேரு மாறினது. இதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1954ல, டிவிஎஸ் குடும்பம் சுந்தரம் ஃபைனான்ஸ் ஆரம்பிச்சிருந்தாங்க. ரெண்டு பஸ் குடும்பமும் அடுத்தடுத்த வருஷத்துல ஃபைனான்ஸ் கம்பெனி தொடங்கறது ஏதோ தற்செயல் இல்ல. பேங்கெல்லாம் அப்ப தனியார் கைல, லாரி வாங்கற ஆளுக்கு கடன் தர மாட்டாங்க, அடமானம் வைக்க நிலமோ நகையோ கேப்பாங்க. ஆனா பஸ் முதலாளிக்கு ஒரு வண்டி எத்தன வருஷம் தாங்கும், பழைய வண்டி என்ன விலைக்குப் போகும், எந்த ரூட்ல என்ன வசூல் வரும், எந்த டிரைவர் நாணயமானவன், எல்லாம் அத்துப்படி. பேங்க் மேனேஜருக்கு தெரியாத அந்த விஷயத்த வட்டியா மாத்தினதுதான் ஹயர் பர்ச்சேஸ், அதாவது தவணைக்கு வண்டி குடுக்கற தொழில். இதுல இன்னொரு சௌகரியம், பெர்மிட் வாங்கினவன் எவனா இருந்தாலும், கவர்மெண்ட் எந்த ரூட்ட எடுத்தாலும், வண்டி ஓடற வரைக்கும் வட்டி வரும்.

அப்புறம் 1961ல சக்கரை. இதுக்கு மத்திய அரசு தொழில் லைசென்ஸ் வேணும், அந்தக் காலத்துல லைசென்ஸ் வாங்கறதே பாதி தொழில். மில்லு 1964ல ஓட ஆரம்பிச்சுது. நான் சொல்ல வர்றது என்னன்னா, இந்த ரெண்டு கம்பெனியும், 1955ம் 1961ம், அவர் எம்எல்ஏவா இருந்தப்ப போட்ட விதை, பஸ் நல்லா ஓடிட்டு இருந்தப்ப போட்ட விதை. பஸ் போனதுக்கு அப்புறம் "இப்ப என்ன பண்ணலாம்"னு உக்காந்து யோசிச்சு ஆரம்பிச்சது இல்ல. பஸ் தேசியமயம் ஆகும்கற பேச்சு அந்தத் தொழில்ல அம்பதுகள்லயே காதுல விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, சென்னை நகரத்துல 1947-48லயே அரசாங்கம் பஸ்ஸ எடுத்து ஓட்ட ஆரம்பிச்சாச்சு. கண்ணத் திறந்து வச்சிருந்தவனுக்கு தெரிஞ்சிருக்கும்.

1967. அந்தத் தேர்தல் காங்கிரஸ இந்த மாநிலத்துல வேரோட சாச்சிருச்சு. விருதுநகர்ல காமராஜரே தோத்தாரு, கோபில சி.சுப்பிரமணியம் தோத்தாரு, பொள்ளாச்சி தொகுதி திமுகவுக்குப் போச்சு. அதுக்கப்புறம் மகாலிங்கம் சட்டசபை பக்கம் திரும்பவே இல்ல. கட்சி ரெண்டா உடைஞ்சு, ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டு இருந்த அந்த நேரத்துல பெரும்பாலான காங்கிரஸ்காரங்க எந்தப் பக்கம் போறதுன்னு கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க, இவரு மெதுவா ஒதுங்கிக்கிட்டாரு. 1971ல ஃப்ளீட் ஆபரேட்டர்களோட பஸ்ஸ எடுத்துக்கற சட்டம், 1972ல சேரன், பாண்டியன், சோழன்னு வரிசையா கழகங்கள். அப்ப நிலைமை என்னன்னா, கட்சி ஆட்சில இல்ல, தொகுதி கைல இல்ல, பஸ் இல்ல. ஆனா ஃபைனான்ஸ் இருக்கு, மில்லு இருக்கு. டிவிஎஸ் கதையும் இதே அச்சு, அவங்க பஸ்ஸ பாண்டியன் எடுத்துக்கிச்சு, ஆனா அதுக்குள்ள சுந்தரம் ஃபைனான்ஸும் 1962ல வந்த சுந்தரம் கிளேட்டனும் ஓடிட்டு இருந்துச்சு. பஸ்ஸ மட்டுமே நம்பி இருந்த மத்த ஆபரேட்டர்ல எத்தன பேரோட பேரு இன்னைக்கு ஞாபகம் இருக்கு, யோசிச்சுப் பாருங்க.

ஏ.பி.டி.ங்கற பேரையும் அவங்க விடல. பயணிகள ஏத்த முடியாதுன்னா பார்சல் ஏத்துவோம்னு ஏ.பி.டி. பார்சல் சர்வீஸ், அப்புறம் மாருதி கார் டீலர்ஷிப். ஊரு ஜனத்துக்கு அந்த மூணு எழுத்து மேல இருந்த நம்பிக்கைய எந்தச் சட்டமும் எடுத்துக்க முடியாதுல்ல.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு இந்தக் கேஸ் மேல பாராட்டு கம்மி. அவர் அரசாங்கத்துப் பிடிலேர்ந்து தப்பிச்சாருன்னு சொல்லவே முடியாது, துறைய மாத்திக்கிட்டாரு, அவ்வளவுதான். பஸ்ஸுல டிக்கெட் ரேட்ட கவர்மெண்ட் போடும், சக்கரைல கரும்பு விலைய கவர்மெண்ட் போடும். 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு மில்லுக்கு ஒரு ஏரியா ஒதுக்கிடுவாங்க, அந்த ஏரியா விவசாயி அந்த மில்லுக்குத்தான் கரும்பு பதியணும், வெட்டு ஆர்டர் மில்லுதான் குடுக்கும், கரும்பு எறக்கின 14 நாளைக்குள்ள பணம் தரணும், தவறினா 15 சதவீத வட்டி. பேப்பர்ல அழகா இருக்கு. ரேஷன் கடைக்குன்னு லெவி சக்கரை மலிவு விலைக்கு குடுக்கற கட்டாயம் 2013 வரைக்கும் மில்லுங்க தலைல இருந்துச்சு. மில்லு ஒரு பக்கம் அரசு விலைல மாட்டும், விவசாயி மில்லு கைல மாட்டுவான். ரூட் பெர்மிட் முறைய பழகின குடும்பத்துக்கு இந்த ஒதுக்கீட்டு ஏரியா முறை புதுசா தெரிஞ்சிருக்காது, ரெண்டும் ஒரே லாஜிக்தான், உள்ள போட்டி கிடையாது, வெளில அதிகாரி உண்டு.

இங்க வர்ற கேள்வி, எம்எல்ஏவா இருந்துக்கிட்டே பெர்மிட் தொழிலும் லைசென்ஸ் தொழிலும் பண்ணலாமா? சட்டப்படி அன்னைக்கும் பண்ணலாம், இன்னைக்கும் பண்ணலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல தகுதியிழப்பு வர்றது அரசாங்கத்தோட காண்ட்ராக்ட் வச்சிருந்தா, அதாவது அரசுக்கு பொருள் சப்ளையோ அரசு வேலையோ எடுத்திருந்தா. பெர்மிட்டும் லைசென்ஸும் அதுல வராது. இந்த ஓட்டை வழியா எல்லாக் கட்சிக்காரங்களும் இன்னைக்கு வரைக்கும் பஸ், காலேஜ், குவாரின்னு வண்டி வண்டியா போயிட்டு இருக்காங்க. மகாலிங்கம் மேல ஊழல்னு யாரும் விரல் நீட்டி நான் படிச்சதில்ல, அவரு அந்த விஷயத்துல பேரு கெடாத மனுஷன். ஆனா நல்ல மனுஷன் ஒருத்தர் இந்த அமைப்புல நல்லபடியா நடந்துக்கிட்டாருங்கறதுக்காக அமைப்பு சரின்னு ஆயிடாது.

ஆன்மிகம், கல்வி பக்கத்த சுருக்கமா சொல்லிடறேன், அது ஏற்கனவே நிறைய எழுதப்பட்டிருக்கு. 1957ல பொள்ளாச்சில நாச்சிமுத்து பாலிடெக்னிக், 1984ல கோவைல குமரகுரு காலேஜ், 1998ல அவர் பேர்லயே பொள்ளாச்சில எஞ்சினியரிங் காலேஜ். ஓம் சக்தி பத்திரிகை, ராமலிங்கர் பணி மன்றம், தமிழ் நூல்கள இங்கிலீஷ்ல கொண்டாந்தது, 2007ல பத்மபூஷண். நதிகள இணைக்கணும்னு கடைசி வரைக்கும் பேசிட்டு இருந்தாரு, பிஏபிய பக்கத்துலேர்ந்து பாத்தவருக்கு அந்த ஆசை வராம இருந்தாதான் ஆச்சரியம். 2014 அக்டோபர் 2, சென்னைல அவரே வருஷா வருஷம் நடத்தற வள்ளலார் காந்தி விழால இருக்கறப்பயே இறந்தாரு, 91 வயசு. கவனிக்க வேண்டியது என்னன்னா, பதவி போன பிறகு ஊருல ஒருத்தருக்கு மரியாதை எங்கேர்ந்து வருதுங்கறதுக்கு இந்தப் பட்டியல்தான் பதில். காங்கிரஸ்காரங்களுக்கு மட்டும் இல்ல, எந்தக் கட்சி ஆளு பொள்ளாச்சிக்கு வந்தாலும் அவர பாத்துட்டுப் போகணும்கற எடத்துல அவரு இருந்தாரு. 2025 ஆகஸ்ட்ல பொள்ளாச்சில பிஏபிக்காக பாடுபட்டவங்களுக்கு மரியாதை செஞ்சப்ப காமராஜர், சி.சுப்பிரமணியம், பழனிசாமி கவுண்டரோட இவர் பேரும் சேந்து வந்துச்சு, செஞ்சது திமுக அரசு, 1967ல பொள்ளாச்சிய ஜெயிச்சு 1972ல பஸ்ஸ எடுத்த அதே கட்சி.

பிள்ளைங்க காலத்துல என்ன ஆச்சு? மூத்தவர் மாணிக்கம் சக்கரை கம்பெனிய நடத்தினாரு. ஒடிசா வரைக்கும் மில்லு போனது, ஆட்டோ உதிரிபாகம், ஃபவுண்டரி எல்லாம் வந்தது. ஆனா சக்தி சுகர்ஸோட பின்னாடி வருஷக் கணக்குங்க நல்லால்ல, பல வருஷம் நஷ்டமும் கடனும்தான் அதுல. தமிழ்நாட்டுல மழை பொய்ச்ச வருஷம், குறிப்பா 2016-17 வறட்சிக்கு அப்புறம், கரும்பு பரப்பே சுருங்கிப் போச்சு, மில்லுங்க பாதி திறன்ல ஓடுச்சு, நிலுவைப் பணம் கேட்டு விவசாயிங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காந்த செய்தி மாநிலம் பூரா வந்துச்சு. அவர் காலத்துல பஸ் ஆடறதுக்கு முன்னாடியே ஃபைனான்ஸும் மில்லும் தயாரா நின்னுச்சு. இவங்க காலத்துல மில்லு ஆட ஆரம்பிச்சப்ப ஃபைனான்ஸ் இருந்துச்சு, ஃபவுண்டரி இருந்துச்சு, டீலர்ஷிப் இருந்துச்சு, ஆனா மில்லோட எடத்த நிரப்பற அளவுக்கு பெருசா எதுவும் இல்ல.